கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க

முதலில் என் முட்டாள்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு அசிங்கம்.

'அட்ஜஸ்ட்' என்ற சொல்லை இங்கிலீஷ்காரனுக்குக் கொடுத்ததே தமிழன்தான் என்று நான் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் எழுதினேன். எழுதியதோடு நிற்காமல் எங்கள் தெரு வாட்ஸப் குழுவில் போட்டேன். 'அடு' என்றால் தமிழில் நெருங்கு. அடுத்த வீடு, அடுத்த ஆள், அடுக்கு எல்லாம் அதன் பிள்ளைகள். இந்த 'அடு'வை இங்கிருந்து கப்பலில் ஏற்றிக்கொண்டு போனான் வெள்ளைக்காரன். வழியில் உப்புக்காற்று பட்டு அது 'அட்ஜஸ்ட்' ஆகிவிட்டது. இதுதான் என் ஆராய்ச்சி. "அப்போ அந்த 'ஜஸ்ட்' எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டது எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் ஒருவர்தான். அது கப்பல் ஆடிய சத்தம் என்று பதில் போட்டேன். பதினோரு பேர் கைதட்டும் படம் போட்டார்கள்.

சில நாள் கழித்து அதே செய்தி எங்கோ சுற்றி, கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு உறவுக்காரர் வழியாக எனக்கே திரும்பி வந்தது. மேலே 'லண்டன் பேராசிரியர் வியப்பு!' என்று ஒரு தலைப்பு. பக்கத்தில் தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரரின் படம். நான் பூரித்துப்போய் அதை என் மனைவியிடம் காட்டினேன்.

"பாத்தியா? நான் சொன்னப்போ சிரிச்சியே. லண்டன் பேராசிரியரே சொல்லிட்டாரு."

அவள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தாள்.

"ஏங்க, இது நீங்க எழுதினதுதான்."

"எப்படிச் சொல்ற?"

"'கப்பள்'னு போட்டிருக்கு. கப்பலைக் கப்பள்னு எழுதுறவரு இந்தப் பாண்டிச்சேரியில ஒருத்தர்தான் இருக்காரு."

நம்புங்கள், அதற்குப் பிறகும் அரைநாள் எனக்கு அந்த லண்டன் பேராசிரியர்மேல் நம்பிக்கை இருந்தது.

அந்தச் சொல்மேல் எனக்கு அவ்வளவு பாசம் ஏன் என்று கேட்டால், அது இல்லாமல் எனக்குப் பிழைப்பே கிடையாது. ரயிலடிக்குப் பக்கத்துச் சந்தில் வாடகை ஸ்கூட்டர் கடை வைத்திருக்கிறேன். சனி, ஞாயிறு ஆனால் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஊர் பார்க்க வருகிறவர்கள் என் வண்டிகளில்தான் கடற்கரைச் சாலையைச் சுற்றுவார்கள். "பிரேக் லூசா இருக்கே" என்பார் ஒருவர். "அட்ஜஸ்ட் பண்ணி ஓட்டுங்க சார்" என்பேன். "கண்ணாடி நிக்கவே மாட்டேங்குது" என்பார் இன்னொருவர். "ஒரு கையால புடிச்சு அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க மேடம்" என்பேன். இங்கிலீஷ் அகராதியில், அட்ஜஸ்ட் ஆகவேண்டியது பிரேக்கு. ஒரு திருகாணியை அரைச்சுற்றுத் திருகினால் வேலை முடிந்தது. என் கடையில் திருகாணியைத் தொடமாட்டேன். ஓட்டுகிறவரைத் திருகிவிடுவேன்.

எனக்கு இதில் குரு உண்டா என்றால் உண்டு. முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டு முனையிலிருந்து டவுனுக்கு டெம்போவில் வருவேன். எதிரும் புதிருமாக ஆறு பேர் உட்காரும் வண்டியில் பத்து பேர் இருப்போம். டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கக்கா, ரெண்டு பேருதான்" என்பார். உடனே ஒரு அதிசயம் நடக்கும். யாரும் நகர்ந்ததாகத் தெரியாது, ஆனால் இடம் வந்துவிடும். ஒருநாள் அப்படி ஏறிய மீன்காரம்மா, "தம்பி, இதைக் கொஞ்சம் புடி" என்று கூடையை என் மடியில் வைத்துவிட்டு நிம்மதியாக வெற்றிலை போட ஆரம்பித்தார். அன்றைக்கு வண்டி எடுக்க வந்தவர்கள் எல்லாரும் ஹெல்மெட்டை மோந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஹெல்மெட் பாவம், சுத்தமாகத்தான் இருந்தது. மத்தி வாசனை என் வேட்டியிலிருந்து வந்தது.

கடையிலும் டெம்போவிலும் பழகிய சொல் வீட்டுக்குள் வராமல் இருக்குமா? எங்கள் வீடு மாடியில் இரண்டே அறை. ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் விழுப்புரம் பக்கத்திலிருந்து என் அக்கா தன் குடும்பத்தோடு வந்துவிடுவாள். கடற்கரையில் புது வருஷம் பார்க்கவேண்டும் அவளுக்கு. போனில் அவள் "தம்பி, வரலாமாடா?" என்று கேட்டு முடிப்பதற்குள் நான், "வாங்க வாங்க, அதெல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்று சொல்லிவிடுவேன். அன்று இரவு அக்காவும் மாமாவும் ஒரு அறையில், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கூடத்தில். என் மனைவி சமையற்கட்டில், கேஸ் சிலிண்டருக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவே.

நான் எங்கே என்று கேட்கிறீர்களா? கட்டிலில்தான். எனக்கு முதுகுவலி.

என் மனைவி கடற்கரையிலிருந்து இரண்டு தெரு உள்ளே இருக்கும் ஒரு பழைய பிரெஞ்சு வீட்டில் வேலை பார்க்கிறாள். ஆறே அறை உள்ள விருந்தினர் விடுதி அது. நடத்துகிறவர் எழுபதைத் தாண்டிய அம்மாள். எல்லாரும் மதாம் என்போம். மதாமின் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா, அதாவது சிப்பாய். அவர் போன பிறகு மதாம் வீட்டை விடுதியாக்கிவிட்டார். தமிழ்க்காரர்தான். ஆனால் பேச்சைத் தொடங்குமுன் ஒரு 'அலோர்' போடாவிட்டால் அவருக்கு வாய் திறக்காது. நாம் 'அப்புறம்' என்று இழுப்போமே, அதுபோல.

மனைவிக்கு அங்கே பன்னிரண்டு வருஷம் பின்கட்டில்தான் வேலை. படுக்கை விரிப்பு, துண்டு, காலைச் சாப்பாடு. முன்னறையில் ஒரு மேஜை, ஒரு கணினி, சாவிகள் தொங்கும் பலகை, ஒரு சுழல் நாற்காலி. அதில் உட்கார்ந்திருந்த பெண் கல்யாணமாகி பெங்களூருக்குப் போய்விட்டாள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னாள்:

"ஏங்க, அந்த நாற்காலியை எனக்குத் தாங்கன்னு மதாம்கிட்ட கேட்டுட்டேன்."

பன்னிரண்டு வருஷத்தில் அவள் தனக்கென்று யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அதனால் கொஞ்சம் பயந்துபோனேன்.

"நல்லா சுத்துமே, அதுக்காகவா?" என்று கேட்டேன். இப்படிப்பட்ட நேரத்தில் இப்படிக் கேட்பதற்கென்றே என்னைப் படைத்திருக்கிறார்கள்.

"வர்றவங்க எல்லாரும் என்னைத் தாண்டித்தான் போறாங்க. ஒருத்தரும் என் மூஞ்சியப் பாத்துப் பேசறதில்ல. துண்டைப் பாத்துத்தான் பேசுறாங்க. அந்த நாற்காலியில உக்காந்தா மூஞ்சியப் பாத்துத்தான ஆவணும்?"

"மதாம் என்னா சொன்னாங்க?" என்றேன்.

மதாம் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். அதற்குக் காரணம் உண்டு. முந்தின பொங்கல் விடுமுறையில் முன்னறைப் பெண் ஒருநாள் லீவு போட, என் மனைவிதான் மேஜையில் நின்றாள். யாரோ ஒரு குடும்பம் கைக்குழந்தையோடு வந்து, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்கம்மா" என்றதும், முன்பதிவு ஆகியிருந்த அறையைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். சாயங்காலம் அந்த அறைக்கு உரிய பிரெஞ்சு ஜோடி பெட்டியோடு வந்து நின்றது. அவர்களை மதாமின் சொந்த அறையில் படுக்கவைத்துவிட்டாள். மதாம் சாப்பாட்டுக்கூடத்துச் சோபாவில் படுத்தார்.

"என் வூட்டுலயே என்னை அட்ஜஸ்ட் பண்ண வெச்சுட்டியேம்மா" என்று மதாம் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அதனால் இப்போது கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "அலோர், வருஷக் கடைசி நாளு நீ உக்காரு. ஊரே ரூம் கேட்டு வரும். அன்னிக்கு அடுத்தவங்க ரூம ஒருத்தருக்கும் எடுத்துக் குடுக்காம ஒழுங்கா நடத்துனா நாற்காலி உன்னுது. நடத்தலன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன். முன்னறைக்கு ரெண்டு வார்த்தை போதும். மொதல்ல பொன்ஷூர். அப்புறம் நோன்."

பொன்ஷூர் என்றால் வணக்கம். நோன் என்றால் இல்லை, முடியாது, கிடையாது எல்லாமும். மதியம் விருந்தினர் தூங்கும் நேரத்தில் மதாமே பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தார். பொன்ஷூரும், ஐயாவுக்குச் சொல்லும் 'முசியே'யும் ஒரே நாளில் வந்துவிட்டன. ஆமாம் என்பதற்கு 'வுய்' என்றார்கள். அது என் மனைவிக்குப் பிறவியிலேயே இருந்திருக்கிறது. என்ன கேட்டாலும் வுய். ஆனால் நோன் மட்டும் வரவில்லை. கடைசி எழுத்தை நாக்கு தொடக்கூடாதாம், மூக்குக்குள்ளேயே அணைந்துவிடவேண்டுமாம். "ஜலதோஷம் புடிச்சவ 'நோ' சொல்ற மாதிரி சொல்லு" என்பாராம் மதாம். இவள் சொல்வதைக் கேட்டால், விருந்தாளியை இன்னும் இரண்டு இட்லி சாப்பிடச் சொல்வதுபோல இருக்கும்.

நான் உதவி செய்யக் கிளம்பினேன். எனக்கு நாடகம் என்றால் உயிர். சாப்பாடு முடிந்ததும் கழுத்தில் குற்றாலத் துண்டைச் சுற்றி, தலையில் ஹெல்மெட் மாட்டி, பிரெஞ்சு சுற்றுலாப் பயணியாக வாசலில் வந்து நின்றேன். அவள் முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டு முன்னறையாக உட்கார்ந்திருந்தாள்.

"பொன்ஷூர் மதாம். ரூம் கீதா?"

"பொன்ஷூர் முசியே. இருக்கு."

"ஏய், இல்லன்னு சொல்லணும்! எல்லா ரூமும் ஃபுல்லு!"

"ஹெல்மெட்டோட நிக்கறீங்க. பாத்தா பாவமா இருக்குங்க."

"பாவம் பாக்காத. மறுபடியும். பொன்ஷூர் மதாம், எங்க ஆளுங்க பன்னெண்டு பேரு. ரூம் வேணும்."

அவள் கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டே யோசித்தாள். எனக்கு நம்பிக்கை வந்தது. வாய் திறந்தது. மூக்குகூடக் கொஞ்சம் விடைத்தது.

"மொட்டை மாடியில பாய் போட்டுத் தரேன். கொசு இருக்கும், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

நான் ஹெல்மெட்டோடு சுவரில் முட்டிக்கொண்டேன். ஹெல்மெட் போட்டு முட்டுவதில் ஒரு வசதி, எத்தனை தடவை வேண்டுமானாலும் முட்டலாம்.

இப்படியே பல நாள் நடந்தது. அழுகிற பயணி, அதட்டுகிற பயணி, கால் உடைந்த பயணி, தேனிலவுக்கு வந்த பயணி எல்லாமாகவும் நான் வந்து பார்த்தேன். எல்லாருக்கும் அறை கிடைத்தது. தேனிலவுப் பயணிக்குக் காப்பியும் கிடைத்தது.

ஒருநாள் மதாமின் பழைய ஸ்கூட்டர் கிளம்பவில்லை என்று ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தேன். வேலை முடிந்ததும் மதாம் காப்பி கொடுத்தார். சும்மா குடித்துவிட்டு வந்திருக்கலாம். எனக்குத்தான் வாய் அரிக்குமே. என் அடு, கப்பல், உப்புக்காற்று ஆராய்ச்சியை எடுத்துவிட்டேன். லண்டன் பேராசிரியரையும் சேர்த்துக்கொண்டேன்.

மதாம் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு எழுந்துபோய், செங்கல் போன்ற ஒரு அகராதியை இரண்டு கையாலும் தூக்கிவந்து மேஜைமேல் வைத்தார். காப்பித் தம்ளர் ஒரு துள்ளுத் துள்ளியது.

"அலோர், முசியே. உங்க கப்பலு எப்பக் கெளம்புச்சு?"

"அது... தோராயமா, மதாம்."

"அது இங்கேருந்து போவவே இல்ல. கேளுங்க. லத்தீன்ல 'யுக்ஸ்தா'ன்னா பக்கத்துல. பக்கத்துல கொண்டாந்து வெக்கிறதுதான் அந்தச் சொல்லு. பழைய பிரெஞ்சுல அது 'அஜோஸ்தே'ன்னு ஆச்சு. ஒண்ணாச் சேக்கறது, கூட்டறது. அதோட ஒரு புள்ள இன்னிக்கும் எங்க பேச்சுல இருக்கு, 'அஜூத்தே'. காப்பிக்குச் சக்கர போடறமே, அந்தச் சேக்கறது. இன்னொரு புள்ளதான் இங்கிலீஷ்காரன்கிட்டப் போச்சு. நடுவுல ஒரு சின்னக் கடலு இருக்குல்ல, அதைத் தாண்டுச்சு. அவ்ளோதான் உங்க கப்பலு."

"ஆனா மதாம், 'பக்கத்துல'ங்கற அர்த்தத்தை நான் கரெக்டாத்தான் சொல்லியிருக்கேன்?"

"குருட்டுப் பூனை விட்டத்துல பாஞ்ச மாதிரி" என்றார் மதாம். "உங்களுக்கு ஒரு கத சொல்றேன். நடுவுல படிச்சவங்க சில பேரு இந்தச் சொல்லப் பாத்தாங்க. பிரெஞ்சுல 'ஜுஸ்த்'துன்னு ஒண்ணு இருக்கு. நியாயம், சரியானதுன்னு அர்த்தம். சத்தம் ஒண்ணா இருக்குதே, இது அதுக்குச் சொந்தக்காரனா இருக்கும்னு நெனச்சு, எழுத்தையே மாத்தி, நியாயத்தோட சட்டையை எடுத்து இதுக்கு மாட்டி உட்டுட்டாங்க. உங்களமாதிரியே ஆராய்ச்சிக்காரங்க."

"அப்போ அந்த 'ஜஸ்ட்'டு?"

"சட்டைதான். நியாயத்துக்கும் அதுக்கும் ரத்த சம்பந்தமே கெடயாது."

எதிர்வீட்டு எலக்ட்ரீஷியனின் கேள்விக்கு இப்போதுதான் பதில் கிடைத்தது. கப்பல் ஆடிய சத்தம் இல்லை.

அகராதியை மூடிவிட்டு மதாம் பின்கட்டுப் பக்கம் பார்த்தார். அங்கே என் மனைவி விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். மதாம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அது இருக்கட்டும். உங்க வூட்டுல இந்தச் சொல்ல யாரு சொல்றது, யாரு செய்யறது?"

நான் காப்பியைக் குடித்தேன். தம்ளர் காலியாகி வெகுநேரமாகியிருந்தது. இருந்தாலும் குடித்தேன்.

அன்று டெம்போவில் திரும்பும்போது யோசித்தேன். எனக்கு வராத வேலை அது. 'அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்' என்று நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அதில் 'லாம்' மட்டும்தான் என் பங்கு. ஒவ்வொரு முறை நான் சொன்னபோதும் வீட்டில் ஒரு தலை கூடியது, சமையற்கட்டில் ஒரு பாய் குறுகியது. கூட்டறது, சேக்கறது. மதாமின் அகராதி அந்தச் சொல்லை எங்கள் வீட்டைப் பார்த்து எழுதியதுபோல இருந்தது. "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்கண்ணா" என்று டிரைவர் குரல் கொடுத்தார். நான் முதல்முறையாக உண்மையிலேயே நகர்ந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர், "என்னா சார், ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டார்.

மறுநாளிலிருந்து அந்தச் சொல்லை வாயில் எடுப்பதில்லை என்று சபதம் செய்தேன். வந்தது வினை. "பிரேக் லூசா இருக்கே" என்று ஒருவர் சொன்னதும் எனக்குப் பதில் இல்லை. வேறு வழியில்லாமல் திருப்புளியை எடுத்து பிரேக்கைச் சரிசெய்தேன். கண்ணாடி நிற்கவில்லை என்றார்கள், நட்டை முடுக்கினேன். கடை திறந்த நாளிலிருந்து என் வண்டிகளுக்கு உண்மையாக வேலை நடந்தது அந்தச் சில நாள்தான். "என்னா ஓனரே, கடையை விக்கப் போறீங்களா?" என்று பக்கத்துக் கரும்புச்சாறுக் கடைக்காரர் கேட்டுவிட்டார்.

ஆனால் அக்காவிடம்தான் தோற்றேன். வருஷம் முடிய நாலைந்து நாள் இருக்கும்போது அவள் போன் வந்தது. "தம்பி, இந்த வருஷம் சம்பந்தி வூட்டுக்காரங்களும் வர்றாங்கடா. எடம் இருக்குமா?" நாக்கு நுனிவரை வந்த சொல்லை விழுங்கினேன். விழுங்கிவிட்டு, "வாங்க வாங்க, பாத்துக்கலாம்" என்றேன். புதுப் பாட்டிலில் பழைய சாராயம். இதை மனைவியிடம் சொல்லவில்லை. பரீட்சை நேரத்தில் சொல்லி மனதைக் கலைப்பானேன் என்று எனக்கு நானே ஒரு நல்ல காரணமும் கொடுத்துக்கொண்டேன்.

வருஷக் கடைசி நாள். மதியமே ஊர் நிரம்பி வழிந்தது. என் வண்டிகளில் ஒன்றுகூட மிச்சமில்லை. கடைசி இரண்டு ஸ்கூட்டரை எடுத்திருந்த பெங்களூர்க் குடும்பம் அரைமணியில் திரும்பிவந்தது. கணவன், மனைவி, பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகள் இருவர். ஆன்லைனில் அறை போட்டு வைத்திருந்த இடத்தில் அப்படி ஒரு விடுதியே இல்லையாம். அந்த அம்மாள் அழுகிற நிலையில் இருந்தார். "நீங்கதான் ஏதாவது பண்ணணும்" என்றார் கணவர்.

இதற்குத்தானே காத்திருந்தேன். நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "கவலையே படாதீங்க சார். நம்ம வூட்டம்மா ஒரு விடுதியில முன்னறையிலதான் உக்காந்திருக்காங்க. சொன்னா அட்ஜஸ்ட் பண்ணிடுவாங்க."

சொல்லிவிட்டேன். சபதமும் போயிற்று, மூளையும் போயிற்று. அவர்கள் இரண்டு ஸ்கூட்டரில் கிளம்ப, முதல் ஸ்கூட்டரில் பிள்ளைக்குப் பின்னால் தொற்றிக்கொண்டு நான் வழி காட்டினேன். விடுதி வாசலில் இறங்கியபோதுதான் எனக்கு உறைத்தது. அவளுக்கு இன்றைக்குப் பரீட்சை, கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பவன் நான்.

உள்ளே சுழல் நாற்காலியில் என் மனைவி. மாம்பழ நிறப் புடவை, மூக்குக்கண்ணாடி. எதிர்மூலையில் பிரம்பு நாற்காலியில் மதாம் விசிறியோடு உட்கார்ந்து, தூங்குவதுபோல நடித்துக்கொண்டிருந்தார். சாவிப் பலகையில் ஐந்து ஆணி காலி. ஆறாவதில் ஒரு சாவி ஆடிக்கொண்டிருந்தது. அதை நானும் பார்த்தேன், பெங்களூர்க்காரரும் பார்த்தார்.

"ஒரு ரூம் இருக்கே!" என்றார் அவர்.

"அது ஆள் வர்ற ரூம் சார். ரெண்டு பேர் சென்னை ஏர்போர்ட்டுல எறங்கி வந்துட்டிருக்காங்க" என்றாள் மனைவி.

"அவங்க வர்ற வரைக்கும்..." என்று அந்த அம்மாள் கெஞ்சினார். சின்னப் பெண் மேஜை விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு என் மனைவியையே பார்த்தது. அந்தப் பார்வைக்கு நானாக இருந்தால் மதாமின் வீட்டையே எழுதிக்கொடுத்திருப்பேன். மதாமின் விசிறி நின்றுவிட்டது.

மனைவி அந்தப் பெண்ணைப் பார்த்தாள். சாவியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். 'கொடுத்துடாத, கொடுத்துடாத' என்று மனசு சொன்னது. கூட்டி வந்தவனும் நான்தான், வேண்டாம் என்று வேண்டிக்கொண்டவனும் நான்தான். உலகத்தில் இப்படி ஒரு புரோக்கர் இருந்திருக்கமாட்டான்.

"மன்னிச்சுக்கங்க சார். இங்க ரூம் இல்ல" என்றாள்.

சொல்லிவிட்டு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு துண்டுச்சீட்டை எடுத்தாள். "ரெட்டியார்பாளையத்துல ஒரு லாட்ஜ். சுத்தமா இருக்கும். வர்றவங்களுக்கு ஆவும்னு காலையிலயே போன் பண்ணிக் கேட்டு வெச்சேன். ரூம் வெச்சிருக்காங்க, என் பேரைச் சொல்லுங்க. இங்கேருந்து நேரா போனா வந்துடும். பாப்பா, நீ சாப்பிட்டியா?" பெண் இல்லையென்று தலையாட்டியது. ஒரு வாழைப்பழத்தை எடுத்து அதன் கையில் கொடுத்தாள். அந்த அம்மாள் என் மனைவியின் முகத்தைப் பார்த்து, கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப தேங்க்ஸ் மேடம்" என்றார். முகத்தைப் பார்த்து. நான் கவனித்தேன்.

அவர்கள் போய்க் கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு டாக்சி வந்து நின்றது. வெயிலில் சிவந்துபோன வயதான பிரெஞ்சுத் தம்பதி, பெட்டியோடு உள்ளே வந்தார்கள். "பொன்ஷூர் முசியே, பொன்ஷூர் மதாம்" என்று எழுந்து நின்று, ஆறாவது ஆணியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள். அவர்கள் சிரித்தார்கள். இவள் சிரித்தாள். நான் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஹெல்மெட் தூசி.

மதாம் பிரம்பு நாற்காலியிலிருந்து எழுந்தார். "அலோர், எனக்கு நெசமாவே தூக்கம் வருது. என் கட்டில்ல படுத்துக்கப் போறேன். நீ பாத்துக்க" என்று சொல்லிவிட்டு, போகிற வழியில் சுழல் நாற்காலியின் முதுகை ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனார். நாற்காலி அவளுடையது ஆகிவிட்டது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த முன்னறையிலேயே ஆடியிருப்பேன், முதுகுவலி இல்லாவிட்டால். அந்த நேரம் பார்த்துச் சட்டைப்பையில் போன் அடித்தது. அக்கா.

"தம்பி, வில்லியனூர் தாண்டிட்டோம்டா. மொத்தம் பதினாலு பேரு. சோறு ஆக்கச் சொல்லிட்டியா?"

போனை வைத்தேன். மனைவி கணினியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். மேஜைமேல் குனிந்து, என்னிடம் உள்ள தேன் முழுவதையும் குரலில் ஊற்றினேன்.

"அம்மாடி. அக்கா வருது. சம்பந்தி வூட்டோட. பதினாலே பேருதான். நீ சாயங்காலம் வூட்டுக்கு வந்து, எப்பவும்போல கொஞ்சம்..."

தட்டுகிற சத்தம் நின்றது. நாற்காலி மெல்லச் சுழன்று என் பக்கம் வந்து நின்றது. கண்ணாடிக்கு மேலே இரண்டு கண்ணும் என்னைப் பார்த்தன. மூக்கு லேசாக விடைத்தது. நாக்கு எங்கேயும் தொடவில்லை.

"நோன்."